பக்கூர் மணக்காத அம்புமுனை

என் சீதேவி மகளே, உனக்கும் மாப்பிள்ளைக்கும் உம்மாவின் சலாம். ஷார்ஜாவில் இந்த வாரம் வெயில் ஒரு வழியாக இறங்கியிருக்கிறது. ஏசியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாயில் வருவதெல்லாம் ஏச்சுதான். சாப்பிட்டாயா என்று தொடங்கி, ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறாய் என்று ஏறி, கடைசியில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் உன் வாப்பாவையும் நாலு வாங்கு வாங்கிவிட்டுத்தான் வைப்பேன். போன வாரம் நீ மான் விஷயத்தைச் சொன்னபோதும் அதேதான் நடந்தது. நீ சொல்லி முடிக்குமுன் கத்தினேன், போனையும் வைத்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியிருந்தது வேறு. அது என் வாய் வழியாக வராது போலிருக்கிறது, கை வழியாகவாவது வரட்டும். இதை மாப்பிள்ளையிடம் காட்டு. ஊர்க் குரூப்பில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே உன்னைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள், இதையும் படிக்கட்டும்.

நம் காயல்பட்டினத்தில் பெண்ணை யாரும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். உனக்குக் கனடாவில் மருந்துக்கடை வேலை கிடைத்தபோது உன் மாமிமார் எல்லாரும் என்னைத்தான் பிடித்தார்கள். பொண்ணு போற எடத்துக்கு மாப்புள பின்னாடி போறதாவது, இது எந்த ஊரு நியாயம் என்று ஒரே கூச்சல். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். அப்போது நம் மாப்பிள்ளை, எல்லாரும் உட்கார்ந்திருந்த சபையில், இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? "வழக்கம் ஒண்ணும் மாறலியே மாமி. பொண்ணு வூட்டுக்குத்தானே மாப்புள போவணும்? அவ வூடு இப்ப கனடாவுல ஈக்கிது. நான் போறேன்." அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் சமைப்பார் என்று பிறகுதான் தெரிந்தது, அதனால் இன்னும் பிடித்துப்போனது.

உன் வாப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மனிதர் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வேட்டைச் சாமான் கடையில் நிற்கிறார். கூடாரம், தூண்டில், பருந்துக்குப் போடும் தொப்பி, வில், அம்பு. இந்த நாட்டில் வேட்டை கூடாது. கடைக்கு வருகிற அரபிகளும் வெள்ளைக்காரர்களும் வெளிநாடு போய் வேட்டையாடுகிறவர்கள். எந்த வில்லுக்கு எந்த அம்பு, எந்த மிருகத்துக்கு எந்த முனை என்று அவர்களுக்கு இவர் வகுப்பு எடுப்பார். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் அன்றைக்கு ஆட்டின் காலைப் பிடியுங்கள் என்றால், கடையில் அவசர வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவார். பெருநாளன்று கடையே கிடையாது! குர்பானிக் கறியை வெட்டுவது, பங்கு வைப்பது, தோலை என்ன செய்வது எல்லாம் நான்தான். கத்தி என்றால் இந்த வீட்டில் உம்மா, பேச்சு என்றால் வாப்பா. நீ இரண்டையும் எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாய்.

வில் உன் கைக்கு வந்த கதையை நீ உன் சிநேகிதிகளுக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பாய். நடந்தது இதுதான். கடையில் ஒரு வில் விற்காமல் கிடந்தது. இடது கைக்காரர்களுக்கான வில். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வரவே இல்லை. வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்து அர்பாப், அதுதான் கடை முதலாளி, ஒரு நாள் எரிச்சலில் உன் வாப்பாவிடம் "கலாஸ் பாய், இஸ்கோ லே ஜாவ்", போதும், இதை நீயே கொண்டு போ என்று தள்ளிவிட்டிருக்கிறார். இடது கையால் எழுதாதே, இடது கையால் எடுக்காதே என்று நான் உன் கையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோன சமயம் அது. வாப்பா அந்த வில்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறார், நீ ஓடி வந்து வலது கையில் பிடித்து இடது கையால் நாணை இழுக்கிறாய். உனக்கென்றே செய்து வைத்தது போல் இருந்தது. "பாத்தியாம்மா, ஓம் மவளுக்கு எழுதி வச்சது ஒலகத்துல ஒரு கடையில ஈந்திருக்கு" என்று வாப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உன் கையையும் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஊருக்கு வெளியே மணலுக்குப் போவோம். என் நல்ல பஞ்சு மெத்தையைத்தான் நிறுத்தி வைத்து அம்பு விட்டாய். பாதகத்தி, வேறு மெத்தையே கிடைக்கவில்லையா உனக்கு? நான் பிளாஸ்கில் சாயாவோடு காரில் உட்கார்ந்து, பொம்பளைப் பிள்ளைக்கு வில் எதற்கு, நாளைக்கு யார் கேட்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். ஆனால் உன் அம்பு மெத்தையின் நடுவில் போய்க் குத்தும்போது என் கை தன்னால் கதவைத் திறக்கும். இறங்கி வந்து பார்ப்பேன். அப்போதும் வாயால் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சாயா ஆறுது, வா என்பேன். அதுதான் என் மாஷா அல்லாஹ் என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் ஒரு நாள் நீ கூப்பிட்டாய். "உம்மா, வாப்பாட்ட ஒண்ணு கேட்டு சொல்லுங்களேன். பட்ஜெட்ல நல்ல பிராட்ஹெட் எது? இங்க கடையில வெலை கேட்டா தலை சுத்துது." பிராட்ஹெட் என்றால் வேட்டை அம்பின் முனை, பிளேடு வைத்தது, மெத்தையைக் குத்தும் மொட்டை முனை இல்லை. கடைக்காரர் பொண்டாட்டிக்கு இது கூடத் தெரியாதா? எதுக்குடி என்று கேட்டேன். நீ சொன்னாய், ஹலால் கறி வாங்க அரை நாள் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது, பனி பெய்தால் அதுவும் இல்லை, இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் சீசனில் ஒரு மானை அடித்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள், நான் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வாங்கிவிட்டேன்! கேட்கவில்லை, வாங்கிவிட்டுத்தான் சொல்கிறாய். நான் மூச்சு விடுமுன் வாப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஊரானுக்கு விற்ற சாமானைப் பற்றிச் சொந்த மகள் கேட்டுவிட்டாளே, மனிதருக்குக் கண்ணில் தண்ணீர்.

நீ மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் நிற்கிறது. அம்பால் வேட்டையாடலாம், பிஸ்மி சொல்லி விட வேண்டும். கூர் உள்ளே போய்ச் சாக வேண்டும், அடிபட்டுச் செத்தால் ஆகாது. உயிரோடு கிடந்தால் அறுத்துவிட வேண்டும். ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது, அந்தக் கறியைத் தொடக் கூடாது. ஆக மொத்தம், முனை கூராக இருக்க வேண்டும், மான் தூரம் ஓடக் கூடாது. மருந்துக்கடைக்காரி இல்லையா, மாத்திரை சாப்பிடும் முறை மாதிரி வரிசையாகச் சொன்னாய். நீ அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் நான் செய்ததைப் பார்.

வாப்பா கடையிலிருந்து இரண்டு வகை கொண்டு வந்தார். ஒன்று முழுக்க ஒரே இரும்பில் செய்த முனை. மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், நம் வீட்டு அருவாமனை மாதிரி. இன்னொன்று பிளேடைக் கழற்றி மாட்டும் முனை. சவரம் செய்கிற ரேசர் மாதிரி, போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஏதோ ஒரு பெரிய கம்பெனி சாமானைப் பார்த்துச் செய்த நகல், பேர் கூட இல்லாத டப்பா. ஆனால் முதலாவது ஒன்று வாங்குகிற காசில் இது ஆறு வரும். நான் சமையலறையில் பரீட்சை வைத்தேன். முதலில் பேப்பர். இரண்டும் சரசரவென்று கிழித்தன. பிறகு ரோலா கடைத்தெருவில் கறிக்கடை பாயிடம் தோலோடு வாங்கி வந்த ஆட்டுத் தொடையில் அழுத்திப் பார்த்தேன். பெட்டி உடைத்த சூட்டில் அந்த மலிவு பிளேடு வெண்ணெயில் போவது போல் போனது. "புதுசுல எல்லாம் அப்புடித்தாம்மா போவும். எலும்புல பட்டா தெரியும்" என்றார் வாப்பா. தொடையில் எலும்பு இருக்கிற பக்கம் நான் அழுத்திப் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குக் குழம்பு வைக்க நேரமாகிவிட்டது.

இன்னொரு கூத்தும் நடந்தது, அதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. முனை எல்லாம் ஒரே எடை இருக்க வேண்டும், பழகுகிற மொட்டை முனையின் எடையும் அதுவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்துக்குப் போகும் என்று வாப்பா சொன்னார். கடைத் தராசு பழுது. எடை என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். உன் கல்யாண நகை எடுத்த கடைக்குப் போனேன். கவுண்டரில் அதே மலையாளிப் பையன். பர்ஸைத் திறந்து தாளில் சுற்றியதை அவன் முன்னால் வைத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனான். "இத்தா, இது கம்மலா?" என்றான். கம்மல்தான், மானுக்குப் போடுற கம்மல், எடை போடு என்றேன். அவனும் தங்கம் நிறுக்கிற பக்குவத்தோடு ஒவ்வொன்றாக வைத்தான். ஒரே இரும்பில் செய்தது எல்லாம் ஒரே எடை நின்றது. மலிவு டப்பாவில் ஒன்று கூட, ஒன்று குறைய. அவன் என்னைப் பார்த்து, "இத்தா, இது வளையல்னா நீங்க வாங்குவீங்களா?" என்று கேட்டான். மாட்டேன் என்றேன். "அப்போ இது மட்டும்?" இம்புட்டு வித்தியாசம் மானுக்குத் தெரியவா போவுது என்று சொல்லிச் சிரித்துவிட்டு எடுத்து வந்துவிட்டேன். வாப்பா ஒரே ஒரு தடவை சொன்னார், நல்லதா மூணு மட்டும் அனுப்புவோமே என்று. "பேசாம இரிங்க. நீங்க யாவாரி, வித்துத்தான் பழக்கம். வாங்குறது எனக்குத் தெரியும்" என்றேன். அவரும் எப்போதும் போல் சரி என்றார்.

கனடா போகிற பொறியாளர் பையன் ஒருவன் கிடைத்தான். கைப் பையில் கூடாது, பெரிய பெட்டியில் உறை போட்டு வைக்கலாம் என்று விசாரித்து, அந்தப் பையனிடமும் இதுதான் சாமான் என்று காட்டிக் கொடுத்தார் வாப்பா. நாம் இங்கிருந்து ஆள் வழியாகச் சாமான் கொடுத்துவிடும்போது சும்மா கொடுப்போமா? அந்த மலிவு டப்பா முனைகளோடு உனக்குக் கம்பளிச் சட்டை, மாசிக் கருவாடு, கொஞ்சம் சம்பல் பொடி. வீட்டிலிருந்து போகிற துணிக்கு வாசம் வேண்டாமா? கனலில் பக்கூர் போட்டு, நம் சாம்பிராணி மாதிரி, நல்ல அரபி வீட்டு பக்கூர், அந்தச் சட்டையை அரை மணி நேரம் புகையில் பிடித்தேன். முனை டப்பாவையும் விடவில்லை. என் மகள் திறந்ததும் வீடு மணக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மணந்தது. முதல் நாள் நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடியலில் மரத்தடியில் உட்கார்ந்தாய். மான் வந்தது, நின்றது, மூக்கைத் தூக்கியது, போயே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. கூட வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் உன்னை மோந்து பார்த்துவிட்டு, யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டாராமே! அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் வாசனை இல்லாத சோப்பில் குளித்து, துணியைக் காற்றில் தொங்கவிட்டுப் போட்டுக்கொள்வார்களாம். எனக்கென்ன தெரியும்? மான் ஓடுவதற்காக ஒரு உம்மா இவ்வளவு மெனக்கெட்டது உலகத்திலேயே முதல் தடவையாக இருக்கும். நீ சொல்லிச் சிரித்தபோது வாப்பா நாற்காலியிலிருந்து விழாத குறை. நானும் சிரித்தேன். அந்த டப்பாவுக்குள் பக்கூரை விடப் பெரிய தவறு இருந்தது அப்போது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை நீ போனில் பாதிதான் சொன்னாய், மீதியை மாப்பிள்ளை வாப்பாவிடம் சொன்னார். ஞாயிறு உன் வீட்டில் விருந்து. அந்தச் சின்ன ஊரில் உங்களை விட்டால் நம்மவர்கள் மொத்தமே மூன்று வீடு. எல்லாரையும் முதல் தடவையாக ஒன்றாகக் கூப்பிட்டிருந்தாய், மான் கறி பிரியாணி என்று முன்னமே சொல்லியும் விட்டாய். சனிக்கிழமை காலை மான் கிடைத்தது. நல்ல தூரம், பக்கவாட்டில் நின்றது, பிஸ்மி சொல்லி விட்டாய். அம்பு விலாவில் பட்டது. பட்ட இடத்தில் ஒன்று விலைக்கு ஆறு வாங்கிய அந்த முனை ஒரு பிளேடு உடைந்து, மற்றது மடங்கிவிட்டது. நல்ல முனையாக இருந்தால் கொஞ்ச தூரத்தில் விழுந்திருக்க வேண்டிய மான் ஓடியது. ரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்து நீயும் மாப்பிள்ளையும் பெரியவரும் போனபோது, குளத்தில் தலை முங்கிக் கிடந்தது. பெரியவர் ஓரத்தில் இறங்கி இழுத்துப் போட்டு, கறி அருமையாக இருக்கிறது, தண்ணீர் குளிர்ந்ததுதானே, ஒன்றும் கெடவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. கறி கெடவில்லை. மறுநாள் விருந்து. பார்த்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பெரியவரும்தான்.

நீ கரையில் நின்று அம்பை உருவி, உடைந்த முனையைப் பார்த்தாயாம். மாப்பிள்ளை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்புறம் அந்தப் பெரியவரிடம், இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், வீணாகக் கூடாது, எங்களுக்கு இது ஆகாது என்று சொல்லிவிட்டு, அவருக்கு வெட்டி ஏற்றிக் கொடுக்கிற வரைக்கும் கூடவே நின்று உதவியிருக்கிறாய். மறுநாள் மூன்று வீட்டு ஆட்களும் வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சகன் தட்டில் மாப்பிள்ளை வைத்த பருப்பும், சோறும், நான் அனுப்பிய மாசியில் போட்ட சம்பலும். நீ எழுந்து நின்று, மான் கிடைத்தது, தண்ணீரில் விழுந்துவிட்டது, சந்தேகமானதை உங்களுக்கு நான் வைக்க மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னாய்.

இதைக் கேட்டுத்தான் நான் கத்தினேன். கறியைக் கொடுத்ததற்கு இல்லை மகளே, அதை நீ தப்பாக நினைத்திருக்கக் கூடாது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பருப்பு ஊற்றினாயே, அதை நீயே எழுந்து நின்று சொன்னாயே, நாளைக்கு ஊர் சிரிக்குமே என்றுதான். "பிரீசர் கெட்டுப் போச்சுன்னு சொன்னா என்னடி?" என்றேன். நீ மெதுவாக, "அது பொய்தானே உம்மா" என்றாய். நீ மட்டும்தான் ஹாஜியார் பேத்தியா என்று ஏதோ உளறிவிட்டுப் போனை வைத்தேன். உன் வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. "முனைய வாங்குனது நீயி. மானம் போச்சுன்னு அவள ஏசுறியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அபுதாபியிலிருந்து தெரியாத நம்பர். ஒரு பொம்பளை குரல், அதிராம்பட்டினத்துக்காரி. "லாத்தா, ஒங்க மவ வூட்லதான் எம்மவ விருந்து சாப்புட்டாளாம்ல? பருப்பு?" வந்துவிட்டது பார் என்று நினைத்தேன். என்னென்னவோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன், பனி என்றேன், பிரீசர் என்றே சொல்லிவிட்டேன், நாசமாய்ப் போன நாக்கு. அவள் குறுக்கே பேசினாள். "அட நீங்க என்ன லாத்தா. ஒங்க மவ வாய மூடிக்கிட்டு ஆக்கிப் போட்டிருந்தா எம்மவளும் ருசியா இருக்குன்னு தின்னுட்டு வந்திருப்பா. யாருக்குத் தெரியப் போவுது? எம் மருமவன் எதையும் லேசுல நம்பாத மனுசன், கடைக் கறிய கூட ஆயிரம் கேள்வி கேப்பாரு. அவரு சொல்றாராம், இனிமே அந்தப் புள்ள கையால குடுக்குற கறின்னா நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன்னு. இப்புடி ஒரு புள்ளய பெத்தவ யாருன்னு பாக்கணும்னுதான் நம்பர் வாங்குனேன்." அப்புறம், அந்தச் சம்பல் எப்படிப் போடுவது என்றும் கேட்டாள்.

மகளே, நான் போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பெருமையில் அழுகை வருமென்று எனக்கே தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியபோது அழவில்லை, வேலை கிடைத்தபோது அழவில்லை, உன் கல்யாணத்தில் எல்லாரும் அழுதார்கள், நான் பிரியாணி சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அழுதேன். உன்னைப் பெற்றது எனக்குப் பெருமை. இதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, இப்போது எழுத்தில் சொல்கிறேன், இரண்டு தடவை படித்துக்கொள். நீ மானை அடித்தது எனக்குப் பெரிதில்லை. குளத்தங்கரையில் நின்றாயே, யாரும் பார்க்காத அந்த இடத்தில், நாளை விருந்தை வைத்துக்கொண்டு, அங்கே நின்ற பிள்ளை என் பிள்ளை. வாப்பாவிடம் சொன்னேன், அவர் கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அர்பாப் காது வரை போய், "ஹாதா பிந்த்? அந்தப் பிள்ளையா? இடது கை வில்லுக்காரியா?" என்று கேட்டாராம்.

இனி, பட்ஜெட்டில் நல்ல முனை எது என்று கோடையில் நீ கேட்ட கேள்விக்குப் பதில், இந்தத் தடவை வாப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. விலை மலிவு என்று டஜன் கணக்கில் வாங்காதே. ஒரே இரும்பில் செய்த முனை மூன்று போதும், தீட்டித் தீட்டி வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், அதுதான் கடைசியில் மலிவு. புதிது என்று நம்பாதே, பெட்டியிலிருந்து எடுத்ததும் நீயே ஒரு தடவை தீட்டு. அம்பில் மாட்டிச் சுற்றிவிட்டுப் பார், முனை ஆடினால் வேண்டாம். சீசன் தொடங்கும்போது கடைக்காரன் கொள்ளை விலை சொல்வான், முடிந்ததும் தள்ளிவிடப் பார்ப்பான், அப்போது போ. பெருநாள் துணியைப் பெருநாள் கழித்து நாம் வாங்குவோமே, அப்படி. தூரம் சந்தேகமாக இருந்தாலோ, பக்கத்தில் தண்ணீர் இருந்தாலோ நாணை இறக்கிவிடு. கறி இல்லாவிட்டால் பருப்பு இருக்கிறது, மாசி நான் அனுப்புகிறேன், உன் வீட்டுப் பருப்புக்கு இப்போது அபுதாபி வரை பேர்.

அடுத்த மாதம் போகிற ஒரு குடும்பத்திடம் மூன்று முனை கொடுத்துவிடுகிறேன். நகைக்கடைப் பையனிடமே எடை போட்டேன், மூன்றும் ஒன்று போல் நின்றது. "இதுன்னா நானே என் பீவிக்கு வாங்கிப் போடுவேன் இத்தா" என்றான். எலும்பிலும் அழுத்திப் பார்த்துவிட்டேன். புதிய சட்டை ஒன்றும் வைக்கிறேன். வாசனை இல்லாத சோப்பில் அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காற்றில் தொங்கவிட்டு, மசாலாக் கை படக் கூடாதென்று வாப்பாவை விட்டு மடித்து வைக்கச் சொன்னேன். மாசிக்குத் தனிப் பெட்டி. மூக்கில் வைத்து மோந்து பார், பக்கூர் இல்லை, அடுப்படி இல்லை, என் வாசம் கூட இல்லை. மானுக்குத் தெரியாது, போட்டுக்கொண்டு தைரியமாகப் போ. உம்மா வாசம் வேண்டுமென்றால் வீட்டுக்கு வா.